நடுவானில் மாப்பிள்ளையும் மச்சானும்

கடலோரத்து ஊரில் கண்ணாடிக் கட்டடம் கட்டுகிறவர்கள் ஒரு விஷயத்தை யோசிப்பதே இல்லை. கடற்காற்று வெறுங்கையோடு வராது, உப்பைச் சுமந்துகொண்டுதான் வரும். இன்றைக்குப் பளபளவென்று துடைத்த கண்ணாடி இரண்டு நாளில் சாம்பல் பூத்தாற்போல் மங்கிவிடும். யாராவது கயிற்றில் தொங்கிக்கொண்டு அதைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். படகுத்துறையிலிருந்து கூப்பிடு தூரத்தில், வங்கிகளும் கப்பல் கம்பெனிகளும் தோளோடு தோள் உரச நின்ற அந்த வட்டாரத்தில், எல்லாவற்றுக்கும் மேலாகத் தலை நீட்டிய கட்டடத்தை அப்படித் துடைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் மாப்பிள்ளை. இன்னொருவர் அவனுடைய மச்சான், அவன் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். உறவு முறையே அங்கே அவர்களுக்குப் பெயராகிவிட்டது. வாசல் காவலாளிக்கும் சூப்பர்வைசருக்கும்கூட அவர்கள் மாப்பிள்ளை, மச்சான்தான்.

மச்சானுக்குப் பருத்த உடம்பு, ஓயாத வாய். மாப்பிள்ளை ஒல்லி, கோபம் மூக்கு நுனியில். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே மச்சான்தான். இரண்டு பேரும் நிற்கிற தொங்குமேடையை வேலைக்காரர்கள் தொட்டி என்பார்கள். அந்தத் தொட்டியில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை மச்சான் "டேய் மாப்ள" என்று ஆரம்பித்து ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசிக்கொண்டே துடைப்பார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே துடைப்பான். அப்படி இருந்தவர்கள்தான் ஒரு மாதமாகப் பேசிக்கொள்ளவில்லை.

காரணம் ஒரு விருந்து. மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது மச்சானுக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை.

"முதல் நாள் நம்ம மாப்ள தொட்டியில ஏறினதும் என்ன பண்ணான் தெரியுமா? கயித்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு கண்ணை மூடிட்டான். 'அம்மா, நான் வீட்டுக்கு வந்துடறேம்மா'ன்னு ஒரே புலம்பல். தொட்டி அப்போ மரத்து உயரத்தைக்கூடத் தாண்டலை."

சொன்னதோடு விட்டிருக்கலாம். எழுந்து நின்று, கதவு நிலையைக் கட்டிப் பிடித்து, அந்தக் குரலிலேயே நடித்தும் காட்டினார். மாமனாருக்குப் புரையேறியது. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். அவர்கள் சிரித்ததைக்கூட மாப்பிள்ளை பொறுத்திருப்பான். பிள்ளைத்தாய்ச்சியான அவன் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, மூச்சு முட்ட முட்டச் சிரித்தாள். அதுதான் அவனுக்குச் சுருக்கென்றது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான்.

மறுநாளிலிருந்து தொட்டியில் மௌனம். மச்சான் வாயிலும் 'நீ' போய் 'நீங்க' வந்தது. "அந்த வைப்பரைத் தர்றீங்களா?" "இந்தாங்க." அவ்வளவுதான். மச்சானுக்கும் ரோஷம் ஏறிவிட்டது. ஒரு வேடிக்கைப் பேச்சுக்கு இவ்வளவு வீம்பா என்று அவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"ஒரே தொட்டியில நிக்கிறீங்க. பேசாம எப்படிங்க வேலை நடக்குது?" என்று மனைவி கேட்டாள்.

"கையாலதான் துடைக்கிறோம், வாயால இல்லை" என்றான் மாப்பிள்ளை.

அவள் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிறவள். நாள் முழுக்க வரிசையில் நின்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்துப் பழகியவள். தானாக ஆறட்டும் என்று விட்டுவிட்டாள்.

அன்றைக்குக் காலையில் வானம் கழுவி விட்டாற்போல் இருந்தது. படகுகளிலிருந்தும் ரயிலிலிருந்தும் இறங்கிய கூட்டம், தெருக்களில் நிரம்பி, சுழல்கதவுகளுக்குள் சொட்டுச் சொட்டாய் வடிந்துகொண்டிருந்தது. கடைக்காரர்கள் ஷட்டரைத் தூக்கினார்கள். நடைபாதையில் காபிக் கோப்பையோடு ஓடிய ஒருவர் பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். மாப்பிள்ளை கிளம்பும்போது மனைவி நன்றாகத்தான் இருந்தாள். டாக்டரும் இன்னும் நாள் இருக்கிறது என்றுதான் சொல்லியிருந்தார். அவன் வழக்கம்போல் செல்போனைக் கீழே அலமாரியில் வைத்துப் பூட்டினான். தொட்டியில் போன் கூடாது. அந்த உயரத்திலிருந்து போன் விழுந்தால் கீழே போகிறவரின் தலை தப்பாது. சூப்பர்வைசரோடு பேச வாக்கி டாக்கி ஒன்று உண்டு.

தொட்டி மேலே ஏறியது. அடுத்தடுத்து நின்ற கட்டடங்களின் இடுக்கில் கடல் ஒரு நீலக் கோடாகத் தெரிந்தது. நீர்க்காகம் ஒன்று அவர்களைத் தாண்டிப் பறந்தது. பாதி வழியில், ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் கூட்ட அறைக்கு வெளியே நிறுத்தினார்கள். உள்ளே நீள மேசையைச் சுற்றி ஆட்கள். மேசையின் தலைமாட்டில் நரைமுடியைக் கொண்டையாகப் போட்ட ஒரு அம்மா, முகத்தில் ஈ உட்காரக்கூட அனுமதி கேட்க வேண்டும் என்பது போன்ற கண்டிப்போடு உட்கார்ந்திருந்தார். சுவரில் வெள்ளைப் பலகை. அதில் யாரோ ஏறி இறங்குகிற கோடு ஒன்றைப் போட்டு வைத்திருந்தார்கள். வெளியே தொங்கிய இரண்டு பேரையும் உள்ளே ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களும் அதை எதிர்பார்ப்பதில்லை.

கண்ணாடியில் நுரை பூசி முடித்த சமயம் வாக்கி டாக்கி கரகரத்தது. சூப்பர்வைசரின் குரல்.

"மாப்ள, கேக்குதா? உன் வீட்டுல வலி எடுத்துடுச்சாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. மச்சானோட வீட்டம்மாதான் போன் பண்ணாங்க. இறங்கி வாங்க."

தொட்டியின் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு பொத்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் தொட்டி சமமாக இறங்கும். முன்பெல்லாம் மச்சான் "விடு மாப்ள" என்பார், இருவரும் அமுக்குவார்கள். இந்த ஒரு மாதமாகத் தலையாட்டலில் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது மாப்பிள்ளை தலையையும் ஆட்டவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. கையிலிருந்த வாக்கி டாக்கியோடு பொத்தான்மேல் பாய்ந்து அமுக்கினான். அவன் பக்கம் சரேலென்று தாழ்ந்தது. தொட்டி சரிந்தது. சரிந்தால் தானாக விழும் பாதுகாப்புப் பூட்டு 'டக்'கென்று விழுந்து கயிற்றைக் கவ்விக்கொண்டது. வாக்கி டாக்கி கை நழுவி, சோப்புத் தண்ணீர் வாளிக்குள் முழுகி, நாலைந்து குமிழி விட்டு அடங்கியது.

மேலே மொட்டைமாடியில் மோட்டாரைக் கவனிக்கிற அண்ணன் எட்டிப் பார்த்துக் கத்தினார். காற்றில் பாதிதான் வந்தது.

"அசையாதீங்க... பூட்டு... மெக்கானிக் வரணும்..."

உயிருக்கு ஆபத்தில்லை. இடுப்பில் பெல்ட் இருக்கிறது, பூட்டும் உடும்புப்பிடியாகப் பிடித்திருக்கிறது. ஆனால் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. மெக்கானிக் வேறொரு கட்டடத்திலிருந்து வர வேண்டும்.

மாப்பிள்ளை வாளியைப் பார்த்தான். கடலைப் பார்த்தான். ஆஸ்பத்திரி இருந்த திசையைப் பார்த்தான். முகம் கோணிக்கொண்டு வந்தது.

மச்சான் திட்டத்தான் வாயைத் திறந்தார். ஆனால் வந்தது வேறு.

"டேய், அழுவாதடா."

"நான் அழலை."

"சரி, அழலை. கண்ணுல சோப்பு பட்டிருச்சு. ஒரு பக்கமா உக்காரு, தொட்டி சாயுது."

மச்சானின் 'நீங்க' எங்கே போயிற்று என்று இருவருமே கவனிக்கவில்லை.

"அவ தனியா இருப்பா மச்சான்."

"எங்க தனியா? உன் அக்கா கூட இருக்கா." அவர் சொன்னது தன் மனைவியை. "அவ இருக்கிற இடத்துல டாக்டரே பயந்து பயந்துதான் வேலை பாப்பாரு. இப்போ நமக்குத் தகவல் வேணும். உள்ள இத்தனை பேர் இருக்காங்க, ஆளுக்கொரு போன் இருக்கும். தட்டு கண்ணாடியை."

தட்டினார்கள். கூட்டத்தில் ஒருவர் திரும்பினார். தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட கணக்காளர். சரிந்து கிடந்த தொட்டியைப் பார்த்ததும் அவர் எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். மாப்பிள்ளை 'மனைவிக்குப் பிரசவம்' என்று கத்தினான். கண்ணாடியின் கனத்துக்கு அது மீன் வாயைத் திறப்பதுபோல்தான் உள்ளே தெரிந்திருக்கும். உடனே விரலால் நுரையில் எழுதினான். உள்ளே இருந்தவர்கள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள்.

"அவங்களுக்கு அது இடம் வலமா தெரியும்டா" என்றார் மச்சான். "தள்ளு, நான் புரிய வைக்கிறேன்."

இன்னொரு வாளியை, காலியாக இருந்ததை, எடுத்துச் சட்டைக்குள் செருகினார். இடுப்பில் ஒரு கையை முட்டுக்கொடுத்து, முகத்தைச் சுளித்து, தொட்டியிலேயே இரண்டடி அசைந்து அசைந்து நடந்தார். வலி வந்தவள்போல் பல்லைக் கடித்து முனகினார். மாப்பிள்ளைக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

உள்ளே கணக்காளர் பரபரவென்று ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார். 'வயிற்றுப்போக்கா?'

மச்சான் தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போது அந்த நரைமுடி அம்மா ஆட்களை விலக்கிக்கொண்டு கண்ணாடியருகே வந்தார். மச்சானின் வாளியைப் பார்த்தார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். இரண்டு கைகளையும் சேர்த்துக் குழந்தையைத் தாலாட்டுவதுபோல் ஆட்டி, புருவத்தை உயர்த்தினார். மாப்பிள்ளை கழுத்து சுளுக்கும் அளவுக்குத் தலையாட்டினான். அவர் மச்சானைச் சுட்டி, 'இவருடைய மனைவியா?' என்று சைகையில் கேட்டார். மச்சான் பதறிப்போய், தன்னைக் காட்டி, மாப்பிள்ளையைக் காட்டி, வாளியைக் காட்டி, உறவுமுறையைக் கையாலேயே விளக்க முயன்று பாதியில் கைவிட்டார்.

அதற்குள் அந்த அம்மா வெள்ளைப் பலகையின் கோட்டை அழித்துவிட்டு ஆஸ்பத்திரிப் பெயர்களை எழுதினார். மூன்றாவதற்கு மாப்பிள்ளை துள்ளினான். 'மனைவி பெயர்?' என்று எழுதினார். மச்சான் நுரையில் தங்கையின் பெயரை வலமிருந்து இடமாகத் திருப்பி எழுதினார். ஒரு கொம்பு எங்கோ போய் ஒட்டிக்கொண்டது. கணக்காளர் அதைப் போனில் படம் பிடித்து, திருப்பிப் பார்த்து, தன் கெட்டிக்காரத்தனத்தில் தானே பூரித்துப்போனார். மேசையின் நடுவில் இருந்த தொலைபேசியைச் சுற்றி அத்தனை பேரும் குனிந்தார்கள்.

வெளியே இருந்தவர்களுக்கு முகங்கள்தான் தெரிந்தன.

"பேசறாங்க" என்றான் மாப்பிள்ளை.

"அந்த சிவப்புச் சட்டைக்காரன் சிரிக்கிறான் பாரு. நல்லதுதான்."

"அவன் முதல்லேர்ந்தே சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கான் மச்சான். உங்க வாளியை நினைச்சு சிரிக்கிறான்."

கொஞ்சநேரத்தில் உள்ளே சிரிப்பு நின்றது. எல்லோரும் தொலைபேசியையே பார்த்தார்கள். சிவப்புச் சட்டைக்காரனும் வாயை மூடிக்கொண்டான். ஒருவரும் பலகைப் பக்கம் போகவில்லை. மாப்பிள்ளை மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு பார்த்தான். மச்சான் நகர்ந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

நரைமுடி அம்மா திரும்பி அவர்களைப் பார்த்தார். விறுவிறுவென்று எழுதினார். 'பயப்பட வேண்டாம். டாக்டர் உள்ளே போயிருக்கிறார். உங்கள் அக்காவும் உள்ளேயிருந்து லைனில் இருக்கிறார். காத்திருக்கிறோம்.'

'காத்திருக்கிறோம்' என்று எழுதியதை மாப்பிள்ளை திரும்பத் திரும்பப் படித்தான். கூட்டம் அப்படியே நின்றுபோயிருந்தது. ஒருவரும் நாற்காலிக்குத் திரும்பவில்லை.

காற்று தொட்டியை லேசாக ஆட்டியது. துறைமுகத்தில் ஏதோ கப்பல் நீளமாக ஊதியது. எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்களிலும் தலைகள் முளைத்திருந்தன. தொட்டி சரிந்ததைப் பார்க்க வந்தவர்கள், வாளியைச் சட்டைக்குள் விட்ட ஆளைப் பார்த்ததும் விஷயத்தை யூகித்துக்கொண்டு, வேலைக்குத் திரும்பாமல் நின்றுவிட்டார்கள்.

"அந்த விருந்துல நான் அப்படி நடிச்சிருக்க வேண்டாம்தான்" என்றார் மச்சான், கடலைப் பார்த்துக்கொண்டு.

"நடிச்சது பரவாயில்லை. குரல் நல்லாவே இல்லை. என் குரல் அவ்வளவு கீச்சா இருக்கும்?"

"அன்னிக்கு அதைவிடக் கீச்சா இருந்துச்சுடா."

மாப்பிள்ளை பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கண்ணாடிக்கு உள்ளே அத்தனை பேரும் ஒரே நேரத்தில் துள்ளி எழும்பினார்கள். கணக்காளர் பக்கத்தில் நின்றவரைக் கட்டிப் பிடித்துத் தூக்கினார். சிவப்புச் சட்டைக்காரன் மேசையைத் தட்டினான். கண்டிப்பான அந்த அம்மாவின் கொண்டையே அவிழ்ந்து தொங்கியது. ஒருவரோடொருவர் கை குலுக்கிக்கொண்டார்கள். வெளியே இரண்டு பேர் இருப்பது மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"என்னது? என்ன ஆச்சு?" மாப்பிள்ளை கண்ணாடியில் அறைந்தான். "யோவ், யாராவது சொல்லுங்கய்யா."

கணக்காளருக்குத்தான் முதலில் நினைவு வந்தது. ஓடிப்போய்ப் பலகையில் எழுதினார். வெளியே இருப்பவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று, மச்சானிடம் கற்ற பாடத்தை வைத்து, எல்லா எழுத்தையும் இடம் வலமாகத் திருப்பி எழுதினார். மாப்பிள்ளையும் மச்சானும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். ஒன்றும் புரியவில்லை. நரைமுடி அம்மா அவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, அழித்துவிட்டு, பெரிதாக எழுதினார்.

'பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.'

மாப்பிள்ளை அப்படியே தொட்டியின் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். மச்சான்தான் அந்த உயரத்திலிருந்து நகரத்துக்கே கேட்கிறாற்போல் கத்தினார். "நான் தாய்மாமன் ஆயிட்டேன்." மொட்டைமாடி அண்ணனுக்கு அது காதில் விழுந்து, அவரும் பதிலுக்குக் கத்தினார். எதிர்க் கட்டடத்தில், மாடிக்கு மாடி, ஜன்னலுக்கு ஜன்னல் கை தட்டினார்கள். கண்ணாடிகளுக்குப் பின்னால் அத்தனை கைகள் தட்டியும் சத்தம் ஒன்றும் வரவில்லை. கைகள் மட்டும் அசைந்தன. மாப்பிள்ளை எழுந்து எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டான்.

சற்று நேரத்தில் அந்த அம்மாவின் போனுக்கு ஒரு படம் வந்தது. அக்கா அனுப்பியது. அவர் போனைக் கண்ணாடியோடு அழுத்திப் பிடித்தார். குறுக்கே காய்ந்த நுரை மறைத்தது. மாப்பிள்ளை வைப்பரை எடுத்தான். அந்த உள்ளங்கை அளவு இடத்தை நனைத்தான், இழுத்தான், துணியால் ஒற்றினான், வாயால் ஊதி மறுபடி ஒற்றினான். எத்தனையோ கட்டடங்களின் கண்ணாடியைத் துடைத்திருக்கிறான். அந்த ஒரு துண்டைப் போல எதையும் துடைத்ததில்லை.

தெரிந்தது. துணிக்குள் சுருட்டி வைத்த சிவந்த முகம், இறுக மூடிய கண், யார்மேலோ கோபமாக இருப்பதுபோல் பிதுங்கிய கீழுதடு.

"கோபத்தைப் பாரு" என்றார் மச்சான், அவன் தோள்மேல் முகவாயை வைத்துக்கொண்டு. "அச்சு அசல் நீதான்."

மெக்கானிக் வந்து பூட்டை விடுவித்தபோது உச்சி வெயில் ஏறிவிட்டது. "ரெடியா?" என்றார் மச்சான். "விடுங்க" என்றான் மாப்பிள்ளை. தொட்டி ஆடாமல் அசையாமல் இறங்கியது. மாடி மாடியாக உள்ளிருந்து கையசைத்தார்கள். எந்த மாடிக்கும் விஷயம் தெரியாமல் இல்லை. கீழே சாப்பாட்டு நேரத்துக் கூட்டம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. வாக்கி டாக்கியின் கதி என்ன என்று கேட்கத் தயாராக நின்ற சூப்பர்வைசர், அவர்கள் கால் தரையில் பட்டதும் கேள்வியை மறந்து மாப்பிள்ளையின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

நரைமுடி அம்மா லிஃப்டில் இறங்கி வந்து, தன் காரைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"எங்க உடம்பெல்லாம் சோப்புத் தண்ணிங்கம்மா" என்றான் மாப்பிள்ளை.

"சீட்டு நனைஞ்சா காயும். ஏறுங்க" என்றார் அவர். அவருடைய குரலை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டார்கள். முகத்துக்குச் சம்பந்தமே இல்லாத மெல்லிய குரல். "குழந்தைக்கு என் ஆசீர்வாதம்னு சொல்லுங்க. உங்க அக்கா கிட்ட, அவங்க சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எங்க கம்பெனியே கேட்டுச்சுன்னும் சொல்லுங்க. டாக்டரைத் திட்டினது உட்பட."

ஆஸ்பத்திரியில் அந்த அம்மா இறக்கிவிட்டுப் போனதும், நர்ஸ் அவர்களை அறை வாசலிலேயே மறித்து, பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, முழங்கை வரை கழுவச் சொல்லி, அப்புறம்தான் உள்ளே விட்டாள். மனைவி தலையணையில் சாய்ந்து கிடந்தாள். களைத்த முகத்தில் கண் மட்டும் விழித்துக்கொண்டு சிரித்தது. குழந்தை பக்கத்தில் தூங்கியது. மாப்பிள்ளை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டான்.

"எனக்குப் பிரசவம் ஆனதை ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியே உக்காந்து கேட்டுதாமே" என்றாள் அவள். "அண்ணி போனை வெச்சுக்கிட்டு, 'இதோ தலை தெரியுது'ன்னு கிரிக்கெட் மேட்ச் மாதிரி சொல்லிட்டிருந்தாங்க. அந்தப் பக்கம் யாரோ கைதட்டறாங்க. யாருன்னு கேட்டா, 'தெரியலை, நல்ல ஜனங்க'ன்னாங்க."

மச்சான் அதற்குள் குழந்தையைக் கையில் ஏந்திவிட்டார். அந்தப் பருத்த ஆள், மூச்சு விட்டால்கூடக் கலைந்துவிடுமோ என்று உறைந்துபோய் நின்றார்.

"என்னங்க" என்று மனைவி தாழ்ந்த குரலில் கேட்டாள். "ரெண்டு பேரும் பேசிட்டீங்களா?"

"அவர்தான் முதல்ல பேசினாரு."

"நீ அழுத, அதனால பேசினேன்" என்றார் மச்சான், குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்காமல்.

"சோப்புன்னு நீங்கதானே சொன்னீங்க."

"சரி சரி" என்றாள் அவள். "சண்டையை அப்புறம் வெச்சுக்குங்க. எனக்குப் பசி உயிர் போகுது. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை. சூடா ஏதாவது வேணும். நிறைய வேணும்."

மச்சான் மனசே இல்லாமல் குழந்தையைத் தன் மனைவி கையில் கொடுத்தார். இருவரும் லிஃப்டுக்குக் காத்திராமல் மாடிப்படியில் தடதடவென்று இறங்கினார்கள். முனைக்கடையில் சூப் நன்றாக இருக்கும் என்றான் மாப்பிள்ளை. அந்தக் கடைச் சூப்பில் உப்பைத் தவிர ஒன்றும் இருக்காது என்றார் மச்சான். படி முடிந்து, தெருவுக்கு வந்து, ஆளுக்கொரு திசையில் கை காட்டிக்கொண்டு நின்றார்கள். பிறகு இரண்டு கடையிலும் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்து, எந்தக் கடைக்கு முதலில் போவது என்று மறுபடி ஆரம்பித்தார்கள்.